பழைய கார் வாங்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, போன வாரம் ஒரு படம் அனுப்பி, "டீச்சர், உங்க கார் மாதிரியே ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, காரைப் பார்ப்பதற்கு முன் அதைச் சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைப் பாருங்கள். இரண்டு, தினமும் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் படத்துக்கு ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஏன் இப்படிக் கறாராகச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தக் கார் இது?

உறவுகளில் சின்னப் பிள்ளைகள் பலர் என் காரை "பத்மினி" என்றே சொல்கிறார்கள். இல்லை கண்ணுகளா. இது பிரீமியர் 118 என்.இ. பத்மினியைச் செய்த அதே பம்பாய்க் கம்பெனி செய்ததுதான், ஆனால் கார் வேறு. இதன் உடம்பு ஃபியட் 124. இத்தாலியில் 1966-ல் வெளிவந்து, 1967-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' பரிசு வாங்கியது. அதே 124-ஐ வைத்துத்தான் ரஷ்யாக்காரர்கள் 1970-ல் லாடா செய்யத் தொடங்கினார்கள். மாற்றி மாற்றி 2012 வரை, ஒரு கோடிக்கும் மேல் செய்து தள்ளினார்கள்.

நம் ஊரில் இந்தக் கார் 1985-ல் வந்தது. இன்ஜின் ஃபியட்டுடையது அல்ல, ஜப்பானின் நிசான் 'ஏ12'. 1171 சி.சி., 52 குதிரைசக்தி. 'என்.இ.' என்ற இரண்டு எழுத்தும் 'நிசான் இன்ஜின்' என்பதன் சுருக்கம்தான். ஆக இத்தாலிய உடம்பு, ஜப்பானிய இதயம், பம்பாய் முகவரி. என்னிடம் இருப்பது 1993 மாடல். 2012-ல் 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், ஓய்வு பெற்ற பிறகு சந்தைக்கும், எங்கள் வீட்டுக்காரரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் இதுதான். ஒரு நாளைக்குச் சராசரி 15 கிலோமீட்டர்.

யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி

அம்பாசிடருக்கு மந்திரிகள் இருந்தார்கள். பத்மினிக்குப் பம்பாய் டாக்சி இருந்தது. 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சிக்கு 20 வருட வரம்பு முடிந்தபோது எல்லாப் பத்திரிகையும் பிரியாவிடை எழுதின. காண்டஸாவுக்கு இன்றும் இளைஞர் கூட்டம் இருக்கிறது. 118-க்கு அப்படி ஒருவரும் இல்லை. டாக்டரும் வங்கி மேனேஜரும் வாங்கி அமைதியாக ஓட்டிய கார் அது. 1990-ல் மாருதி 1000, 1994-ல் எஸ்டீம், 1995-ல் சியலோ என்று வரிசையாக வந்ததும், வாங்கினவர்களே விற்றுவிட்டு நகர்ந்தார்கள். 2001 வாக்கில் தயாரிப்பும் நின்றது.

இப்படி ஒதுக்கப்பட்டதில் வாங்குகிறவருக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஆசைப்படுகிறவர்கள் குறைவு என்பதால் விலை ஏறவில்லை. பளபள வீலும் கலர் கலர் லைட்டும் போட்டு வண்டியைக் கெடுத்து வைத்தவர்களும் குறைவு. ஆனால் அதே காரணத்தால்தான் ஸ்பேர் பார்ட்ஸும் கிடைப்பதில்லை. கேட்பவர் இல்லாத பொருளை யார் செய்வார்கள்? விலை குறைவும் பார்ட்ஸ் தட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று கூடப்பிறந்தவை. முதலாவதைப் பார்த்து மயங்கி இரண்டாவதை மறந்தால், அந்த வண்டி ஆறு மாதத்தில் கொய்யா மரத்தடியில் நிற்கும்.

118-ல் ஓர் ஆறுதல் உண்டு. நிசான் ஏ வகை இன்ஜின் உலகம் முழுக்க ஓடியது. டட்சன் 1200-ல் இருந்ததும் அதுதான். அதன் சின்ன லாரி வடிவத்தை ஜப்பானில் 1994 வரை செய்தார்கள். தென் ஆப்பிரிக்காவில் அதே குடும்பத்து 1400 சி.சி. இன்ஜின் போட்ட வண்டி 2008 வரை வந்தது. அதனால் இன்ஜின் உள்பாகங்கள் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் இன்னும் கிடைக்கின்றன. கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றும் ரப்பர் பீடிங் இவைதான் தங்கம். சென்னைப் புதுப்பேட்டையிலும் அங்கங்கே காயலான்கடைகளிலும் அலைந்துதான் எடுக்க வேண்டும். எந்தப் பழைய வண்டியை வாங்குவதாக இருந்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: இதன் இன்ஜின் வேறு எந்த வண்டியில் இருந்தது? இதன் கண்ணாடி உடைந்தால் எங்கே போவேன்?

சட்டத்தின் கண்ணிலும் நடுப்பிள்ளை

2021-ல் மத்திய அரசு 'வின்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆனால் அந்த வண்டியைத் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்க்கப் போவது, பெட்ரோல் போடப் போவது போன்ற காரியங்களுக்கு மட்டும் ரோட்டுக்கு வரலாம்.

ஆக 50 தாண்டினால் மரியாதை உண்டு, மார்க்கெட்டுக்குப் போக முடியாது. 15-க்குள் இருந்தால் கவலையே இல்லை. 15-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் என் வண்டி போன்றவற்றுக்கு மரியாதையும் இல்லை, சலுகையும் இல்லை. ஆனால் தினமும் ஓட்டலாம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய சலுகை. டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கும் 10 வருடம் தாண்டிய டீசல் காருக்கும் தடை விதித்தார்கள். நம் மாநிலத்தில் அப்படி இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம்.

கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். 2023-ல் நான் 5,000 கட்டினேன். 2028-ல் 10,000 கட்ட வேண்டும். புகை கக்கும் வண்டிகளை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வயதை மட்டும் வைத்து வரி போடுவதை விட, வண்டியைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்வதுதான் நியாயம் என்பது என் கருத்து. முப்பத்திரண்டு வயது வண்டி புகைப் பரிசோதனையில் தேறும்போது, பராமரிக்காத பத்து வயது வண்டி தோற்பதை நான் பரிசோதனை நிலையத்திலேயே பார்த்திருக்கிறேன். பிறந்த தேதியைப் பார்த்து மார்க் போடும் வழக்கம் நம் வகுப்பில் இருந்ததில்லையே.

வாங்கப் போகும்போது

இனி பாடம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. காந்தம் கொண்டு போங்கள். நம் அறிவியல் பெட்டியில் இருந்த லாட காந்தம் மாதிரி சின்னது போதும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை எல்லாம் வைத்துப் பாருங்கள். தகரம் என்றால் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். 118-க்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்புதான் எலும்பு. அடித்தகடும் பட்டையும் துரு தின்றிருந்தால் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் வேண்டாம்.

2. மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். தண்ணீர் தேங்கிய தடம் அங்கேதான் தெரியும். கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம்.

3. "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும்.

4. புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை, பயம் இல்லை. வெள்ளை, காலையில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே மோர் மாதிரி வெளுத்த பசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் கார்களில் டீசல் இன்ஜினை மாற்றிப் போடுவது சாதாரணமாக நடந்தது. அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் தலைவலி உங்களுக்குத்தான். பழைய லோன் பாக்கி ஆர்.சி.யில் நிற்கிறதா, வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. இருக்கிறதா, அபராதம் ஏதாவது கட்டாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. எல்லாம் சரியாக இருந்தாலும், உங்கள் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தினமும் ஏன் ஓட்ட வேண்டும்?

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன் டீச்சர், பத்திரமா இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். பத்திரமாக இருக்காது. நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் படியும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, சிலிண்டருக்குள் துருவைக் கொண்டுவரும். பேட்டரி இறங்கும். எலி வயரைக் கடிக்கும். தினமும் பத்துக் கிலோமீட்டர், இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடினால் இதில் முக்கால்வாசி வராது. முட்டிவலிக்கு டாக்டர் நமக்குச் சொல்லும் அறிவுரையேதான், நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

தினமும் ஓட்டுவதில் இன்னொரு பயனும் உண்டு. காது பழகிவிடும். நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால் உடனே தெரியும். இருநூறு ரூபாயில் முடிகிற வேலை இருபதாயிரம் ஆகாமல் தடுப்பது அந்தப் பழக்கம்தான்.

காலையில் சாவி போடும் முன் எனக்கு ஐந்து நிமிட வேலை இருக்கிறது. ஆயில் கம்பியை இழுத்துத் துடைத்து அளவு பார்ப்பது, ரேடியேட்டர் ஆறியிருக்கும்போதே தண்ணீர் மட்டம் பார்ப்பது, பிரேக் ஆயில் டப்பாவைப் பார்ப்பது, டயர்களைச் சுற்றி வருவது, வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது. அவ்வளவுதான். கோலம் போடும் நேரம்கூட ஆகாது.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள். என் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஆயில், 5,000 கிலோமீட்டருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டையும் அப்போதே சுத்தம் செய்து இடைவெளி பார்த்துவிடுவோம். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ரப்பர் ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் ஓடின தூரத்தை விட வயதால்தான் சாகும், எனவே தேதி குறித்து வையுங்கள். டயருக்கும் அதே கணக்கு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் ஓடாதீர்கள்.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் அவற்றை ஊறவைத்து வெடிக்க வைக்கும். ஈரத்தை இழுத்து டேங்க்கில் துரு பிடிக்க வைக்கும். எத்தனாலில் பெட்ரோலை விடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் குறையும். என்ன செய்யலாம்? டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும், பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரை ஒரு முறை புதிதாக டியூன் செய்யுங்கள். பெட்ரோலை வாரக்கணக்கில் நிற்க விடாதீர்கள். பெட்ரோல் வாடை லேசாக வந்தாலும் அன்றைக்கே பாருங்கள், இதில் நாளை என்ற பேச்சே வேண்டாம். வண்டிக்குள் சின்னத் தீயணைப்பான் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

கணக்குப் பாடம்

"பழைய கார் என்றால் பணம் மிச்சம்தானே?" என்பவர்களுக்கு என் கணக்கு நோட்டைத் திறந்து காட்டுகிறேன்.

மாதம் 450 கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு 10 தருகிறது, ஆக 45 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,500, வருடம் 54,000. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். வரியோடு சுமார் 4,000. ஆர்.சி. புதுப்பிக்க 10,000 என்றால், ஐந்தால் வகுக்க வருடம் 2,000. ரிப்பேர் செலவு எனக்குச் சராசரியாக வருடம் 35,000. மொத்தம் 95,000.

புதிய சின்னக் காருக்கு வருவோம். லிட்டருக்கு 18 என்றால் மாதம் 25 லிட்டர், வருடம் 30,000. ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 12,455. வருடத்துக்கு 1,49,460. இன்சூரன்ஸும் சர்வீஸும் சேர்க்காமலே 1,79,460.

என் வண்டி ஜெயித்துவிட்டது என்று கை தட்டாதீர்கள். ஐந்து வருடம் கழித்து அவர்கள் கையில் விற்றால் காசாகும் கார் இருக்கும். என் வண்டியை அன்றைக்கு விற்றால் பெரிதாக எதுவும் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருடம் ஓடிய சின்னக் காரைப் பார்த்து வாங்கினால் இந்த இரண்டையும் விடச் செலவு குறைவு. ஆகவே பணத்தை மிச்சப்படுத்துவதற்காக யாரும் 118 வாங்க வேண்டாம். இது என் கடைசித் தீர்ப்பு.

அப்படியானால் நான் ஏன் வைத்திருக்கிறேன்? எனக்குப் புரிகிற இயந்திரம் அது ஒன்றுதான். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் 1-3-4-2 என்ற வரிசையில் எந்தச் சிலிண்டருக்கு எப்போது நெருப்பு போகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். பேரனுக்கு நான்கு வீச்சு இன்ஜினைப் படம் போட்டுச் சொன்னபோது கொட்டாவி விட்டான். வண்டிக்கு முன்னால் நிறுத்திச் சொன்னபோது இருபது கேள்வி கேட்டான். வகுப்பறையில் நாற்பது வருடம் நான் தேடிய துணைக்கருவி என் வீட்டு வாசலில் நிற்கிறது. கெட்டுப்போனால் எது கெட்டது என்று தெரிந்துகொண்டு, அதை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டும் பழக்கத்தை இந்த வண்டி எனக்குக் கொடுத்தது. அதற்கு நான் கொடுக்கும் விலையை மறைக்காமல் மேலே எழுதியிருக்கிறேன்.

என் மகள் சொல்வதும் சரிதான்

மகளுக்கு இந்த வண்டி பிடிக்காது. அவள் காரணம் நியாயமானது. இதில் ஏர்பேக் இல்லை. ஏ.பி.எஸ். இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லை. மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கும் அறிவியல் வளர்வதற்கு முன், 1960-களில் வரைந்த உடம்பு. புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனதே 2019 ஜூலையில்தான். "அந்தக் காலத்துத் தகடு கெட்டியாக்கும்" என்று பெருமை பேசாதீர்கள். தகடு கெட்டியாக இருந்தால் அடி உள்ளே இருக்கிறவர்மேல் விழும்.

அதனால் எங்கள் வீட்டில் விதி போட்டிருக்கிறோம். வேகம் 60-ஐத் தாண்டாது. இரவில் பைபாஸ் போகாது. பேரப்பிள்ளைகள் இதில் தெருவைச் சுற்றி வரலாம், வெளியூர் வரக் கூடாது. வெளியூர் என்றால் மாப்பிள்ளையின் கார். முன்சீட்டில் நல்ல பெல்ட் மாற்றிப் போட்டிருக்கிறேன், அதைப் போடாமல் யாரும் ஏற முடியாது. நீங்கள் வாங்குவது வீட்டுக்கு ஒரே கார் என்றால், அதில் கைக்குழந்தையோடு நான்கு வழிச்சாலையில் போவீர்கள் என்றால், 118 வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

புகையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டி, எவ்வளவு டியூன் செய்தாலும் இன்றைய வண்டி அளவு சுத்தமாகாது. என்னால் முடிந்தது, குறைவாக ஓட்டுவது, டியூன் தவறாமல் வைத்திருப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைச் சான்றிதழ் எடுப்பது. தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் நகர நெரிசலில் போகிறவர்கள் இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பாய் இருக்கும்வரை

கடைசியாக, இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம்.

என் வண்டி ஓடுவது என் அக்கறையால் மட்டும் இல்லை. எங்கள் பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் ஷெட் வைத்திருக்கும் பாயால். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். என் வயதுதான் அவருக்கும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "டீச்சரம்மா, மூணாவது சிலிண்டர்ல வால்வ் தட்டுது" என்பார். திறந்து பார்த்தால் அதுதான். ஒரு சாமான் கிடைக்கவில்லை என்றால், பழையதை மாதிரி காட்டி லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவருவார். எந்த வண்டியின் எந்தச் சீல் இதற்குப் பொருந்தும் என்பது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர் பிள்ளைகளில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் மொபைல் கடையில். ஷெட்டில் முன்பு நான்கு பையன்கள் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள், இப்போது ஒருவர். கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட இரண்டு மணி நேரம் குனிந்து நிற்கிறார். 400 ரூபாய் கேட்டால், காரில் வந்து இறங்குகிறவர் 300-க்கு முடியுங்கள் பாய் என்கிறார். அதே மனிதர் கண்ணாடி போட்ட சர்வீஸ் சென்டரில் ஐந்தாயிரம், பத்தாயிரம் பில்லுக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு வாய் திறக்காமல் வருகிறார். கைவேலைக்கு நாம் போடும் மார்க் இதுதான் என்றால், அடுத்த பையன் எதற்காக அந்தத் தொழிலுக்கு வருவான்?

பழைய கார் பிரியர்கள் பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். என் கவலை வேறு. பார்ட்ஸை ஜப்பானிலிருந்து வரவழைத்துவிடலாம். பாயின் காதை எங்கிருந்து வரவழைப்பது? இன்னும் பத்து வருடத்தில் இந்த வண்டிகள் நிற்கப் போவது கட்டண உயர்வாலோ எத்தனாலாலோ அல்ல. பாயிண்ட் இடைவெளி வைக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லாததால்தான் நிற்கும்.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, கூலியில் பேரம் பேசாதீர்கள். சாமான் விலையில் வேண்டுமானால் பேசுங்கள்.

இரண்டு, வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எந்த அளவு சாமான் பொருந்தியது, எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். பாய் சொல்லச் சொல்ல நான் இதுவரை மூன்று நோட்டு எழுதி முடித்திருக்கிறேன். கைப்பேசியில் அவர் வேலை செய்வதைப் பதிவும் செய்கிறேன். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான்.

மூன்று, கழற்றிய பழைய சாமானைக் காயலான்கடைக்குப் போடாதீர்கள். நாளைக்கு லேத்தில் மாதிரி காட்ட அதுதான் உதவும்.

நான்கு, என் பிள்ளைகளில் ஐ.டி.ஐ.யில் பயிற்றுநர்களாக இருப்பவர்களுக்கு இது. மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களை வருடத்துக்கு இரண்டு நாள் இப்படி ஒரு ஷெட்டுக்கு அழைத்துப் போங்கள். ஸ்கேனர் சொல்வதைப் படிக்கத் தெரிந்த பையன், காதால் கேட்கவும் கற்றுக்கொண்டால் அவன் பிழைப்புக்கு என்றைக்கும் குறைவிருக்காது. ஷெட்காரருக்கு அந்த இரண்டு நாளுக்கு மரியாதையான சம்பளம் கொடுங்கள். எங்கள் ஊரில் யாராவது முன்வந்தால் பாயிடம் நான் பேசுகிறேன். என் வண்டியையே கழற்றிப் பாடம் நடத்தலாம், மறுபடி மாட்டித் தர வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

வண்டி வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் குழப்பம் இருந்தால், உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று இந்த வாரம் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் அவர் வேலையைப் பாருங்கள். அவரிடமே, "இந்த மாடல் வாங்கினா நீங்க பார்த்துக்குவீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய பதில். கீழே கேள்விகள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒற்றுப்பிழை கண்டால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், நான் சொல்லிக்கொடுத்தது மறந்திருக்காது என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்